ஹட்டனிலிருந்து மெயின்ஃபிரேமுக்கு: டபிள்யூசி3270உடன் நான்கு வருடங்கள்

நான்கு வருடங்களாக இலங்கை மலையகத்தின் ஹட்டனில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றின் மெயின்ஃபிரேமில், அதாவது அவர்களுடைய பெரிய மையக் கணினியில், வேலை செய்கிறேன். அதன் திரையை என் விண்டோஸ் கணினியில் காட்டுவது டபிள்யூசி3270 என்ற மென்பொருள், இலவசம். செஷன் விசார்டைத் திறந்தால் ஹோஸ்ட் (அந்த மெயின்ஃபிரேம்) பெயர், போர்ட், எல்யூ பெயர் (என் திரையை ஹோஸ்ட் அடையாளம் காணும் பெயர்), திரை மாடல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பு என்றால் போர்ட் வழக்கமாக 992, இல்லாவிட்டால் 23. மாடல் 4 வைத்தால் 43 வரிகள் தெரியும். மாடல் 2இல் 24தான். பத்து நிமிட வேலை.

என்னை அலைக்கழித்தது எல்யூ பெயர். கொடுத்த குறிப்பில் ஒன்று இருந்தது, அப்படியே போட்டுவிட்டேன். ஏப்ரல் வந்தது. பின்னேரமானால் இடி இடிக்கும், கரண்ட் போகும், ரவுட்டர் அணைந்துவிடும். கரண்ட் வந்து திரும்ப இணைத்தால், அந்த டிவைஸ் பாவனையில் இருக்கிறது என்று மறுப்பு வரும். ரவுட்டர் சட்டென்று அணையும்போது 'நான் போகிறேன்' என்று ஹோஸ்டுக்குச் சொல்ல ஆளில்லை. அங்கே பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகத்தான் கணக்கு. என் எல்யூவும் அதன் பிடியில். ஒருநாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், லேப்டாப் பேட்டரி இறங்க இறங்க, அந்த ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எல்யூ கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஹோஸ்டே காலியாக உள்ள ஒன்றைத் தந்தது. உள்ளே போனால் அடுத்த தடை: ஐகேஜே56425ஐ என்ற பிழைச் செய்தி, என் ஐடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதாம். இதற்கு டிஎஸ்ஓ (மெயின்ஃபிரேமில் நாம் நுழைந்து வேலை செய்யும் பகுதி) லாகான் திரையின் கீழே 'ரீகனெக்ட்' என்ற இடத்தில் எஸ் போட வேண்டும். பாதியில் விட்ட திரை விட்ட இடத்திலேயே வந்து நின்றபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. ஆனால் அறுந்த செஷனை ஹோஸ்ட் சில நிமிடங்கள்தான் வைத்திருக்கும். எத்தனை என்று முடிவுசெய்வது அங்குள்ள சிஸ்டம் புரோகிராமர். அதனால் அங்குள்ள ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில், அறுந்தாலும் திருத்தியதை மீட்க உதவும் 'ரிகவரி ஆன்' கொடுத்துவிட்டுத்தான் ஒரு வரி தட்டுகிறேன். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கினேன். முதல் மாதமே வாங்கியிருக்க வேண்டும்.

டிஎல்எஸ் இணைப்பில், ஹோஸ்டின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழில் பிழை வந்தால் சரிபார்ப்பை நிறுத்திவிடு என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கடவுச்சொல் போகிற வழி அது. நிறுவனத்திடம் மூலச் சான்றிதழை (ரூட் சர்டிபிகேட்) கேட்டு வாங்கி விண்டோஸில் சேர்த்தால் போதும்.

போன மாதம் பண்டாரவளையில் ஒரு தம்பிக்கு போனிலேயே செட் பண்ணிக் கொடுத்தேன். எல்லாம் சரி, ஆனால் “அக்கா, சி புரோகிராமில் சதுர அடைப்புக்குறி இருக்கிற இடமெல்லாம் என்னமோ எழுத்தா தெரியுது” என்றான். கோட் பேஜ், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை, 037இல் இருந்தது; அவர்களுடைய கோப்புகள் 1047. மாற்றியதும் சரியாகிவிட்டது. எல்யூ கட்டத்தை அவனுக்கு முதலிலேயே வெறுமையாக விடச் சொல்லியிருந்தேன்.