ஏகாதசிப் பட்டினியா, ரமலான் நோன்பா: சர்க்கரை எதில் இறங்கும்?

ஒரு வேளை சாப்பிடாவிட்டால் "சுகர் இறங்கிடும்" என்று பதறாத வீடு இல்லை. நோயற்ற உடம்பில் அது அத்தனை சுலபமாக இறங்குவதில்லை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் ரத்தம் கொடுத்தால் டெசிலிட்டருக்கு 70 முதல் 99 மில்லிகிராம் வரை காட்டும். அந்த அளவைக் காப்பது கல்லீரல்.

ரமலான் நோன்பு நம் ஊர்ப் பக்கம் ஏறத்தாழ 13 மணி நேரம். ஸஹரில், அதாவது விடியலுக்கு முன், சாப்பிட்டது செரித்து முடிந்த பிறகு, கல்லீரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், சுமார் 100 கிராம், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் பாங்கு வரை அது தாங்கிவிடும். மாலையில் வரும் சோர்வுக்கும் தலைவலிக்கும் சர்க்கரையைவிடத் தண்ணீரும் காபியும் இல்லாததே பெரும்பாலும் காரணம்.

வைகுண்ட ஏகாதசியை முறையாக இருந்தால் கதை வேறு. தசமி மதியம் ஒரு வேளை, பிறகு துவாதசி காலையில்தான் பாரணை, அதாவது விரதம் முடிக்கும் சாப்பாடு. நாற்பது மணி நேரத்தைத் தொடும். மூளை மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தின்னும் என்பதால் கையிருப்பு ஒரு நாளில் காலியாகிவிடும். இன்சுலின் தணிந்து, அதற்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் ஓங்க, தசைப் புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலிலிருந்தும் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்கிறது. அளவு இறங்கும்தான், ஆனால் மெதுவாக. சில பெண்களுக்கு 70க்குக் கீழேகூடப் போகலாம். கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் மாற்று எரிபொருளான கீட்டோன் கைகொடுப்பதால் பலருக்கு அது தெரிவதே இல்லை.

அரிசியை மட்டும் விலக்கி ரவா உப்புமாவும் ஜவ்வரிசிக் கிச்சடியும் சாப்பிடும் ஏகாதசியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சர்க்கரையைப் பொறுத்தவரை அது இன்னொரு நாள், அவ்வளவுதான்.

இறக்கத்தைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது ஏற்றம். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சியோடு நிறுத்தினால் சரி. சமோசா, சர்பத் என்று நீண்டால் அளவு மளமளவென ஏறும். ஏகாதசிக்காரருக்கு இன்னும் ஒரு சிக்கல். நெடும் பட்டினிக்குப் பின் தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகியிருக்கும், குளுக்கோஸை உடனே வாங்கிக்கொள்ளாது. குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கம்போல் சாப்பிடச் சொல்வது இதனால்தான். பாரணையை அகத்திக்கீரை, நெல்லிக்காயோடு தொடங்கியவர்கள் இன்சுலினை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் பாயசத்துக்கு முன்னால் அவை இலையில் விழுவது நல்லதுதான்.

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இன்சுலினும் சில மாத்திரைகளும் கல்லீரலின் காவலையும் மீறி அளவை இறக்கிவிடலாம். விரதத்துக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.