ஐட்லிங்கில் குலுங்கும் பழைய மேஸி 1035: பம்ப்பைக் கடைசியாகத் தொடுங்கள்

சென்னையில் பழைய மேஸி 1035 டிராக்டர் வைத்திருப்பவனுக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து. இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. வண்டி செய்த டாஃபே 1960-ல் இந்த ஊரில் தொடங்கிய கம்பெனி. எஞ்சின் செய்த சிம்ப்சன் 1840-லிருந்து இருக்கிறது. சென்னை செம்பியத்தில், பெர்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வடிவத்தில் எஞ்சின் செய்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் கேஸ்கெட் முதல் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) வரை கிடைக்கும், புதுப்பேட்டையில் தேடினால் கழற்றிய உருப்படியும் அகப்படும். இது வசதி. ஆபத்து என்னவென்றால், டீசல் பம்ப்பைக் கழற்றிச் சோதிக்கும் பெஞ்ச் வைத்திருக்கும் கடைகள் இவ்வளவு கிட்டத்தில் இருப்பதால், ஐட்லிங்கில் வண்டி கொஞ்சம் குலுங்கினாலே "பம்ப்பைக் கழற்றிக் கொடுத்துருங்க சார்" என்பதுதான் முதல் ஆலோசனையாக வரும்.

எங்கள் வண்டி எண்பதுகளில் அப்பா வாங்கியது. சோழவரம் பக்கம் கொஞ்சம் நிலம், மற்றபடி தண்ணி டிரெய்லர், மண் டிரெய்லர். 3 சிலிண்டர், ரோட்டரி பம்ப். இன்லைன் பம்ப் உள்ள 1035-ம் உண்டு. கீழே கவர்னர் (பம்ப்பில் ரேஸை நிலையாக வைக்கும் அமைப்பு) பற்றிச் சொல்வது அதற்கு அப்படியே பொருந்தாது.

முதலில் ஒன்று: இந்த வண்டியில் எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. எஞ்சினே சேசிஸ். முன் ஆக்சிலும் அதில்தான் தொங்குகிறது, பின்னால் கியர்பாக்ஸும் அதோடுதான் போல்ட். மூன்று சிலிண்டரின் இயல்பான ஆட்டம் நேராக சீட்டுக்கு வந்துவிடும். புது வண்டி ஓட்டிப் பழகிய பையன்கள் இதில் ஏறினால் நல்ல ஐட்லிங்கையே கோளாறு என்பார்கள்.

உண்மையான கோளாறு இரண்டு வகை. காதால் பிரித்துவிடலாம். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் அது ஹண்டிங். ரேஸ் அப்படியே நிற்க, மூன்றில் ஒரு அடி மட்டும் விழாமல் நொண்டினால் அது மிஸ்ஸிங். ஹண்டிங் என்றால் டீசல் ஒழுங்காக வரவில்லை, இல்லை கவர்னர் தடுமாறுகிறது. மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரின் சொந்தப் பிரச்சினை. இதைப் பிரிக்காமல் ஸ்பேனர் எடுப்பது வீண் வேலை. ஐட்லிங் ஸ்குருவைத் திருகி ரேஸை ஏற்றி வைத்து, "சரியாயிடுச்சு" என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது மறைப்பதுதான், சரிசெய்வது இல்லை.

எங்களுக்கு முதலில் வந்தது ஹண்டிங், அதுவும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு. டேங்க் நிறைய டீசல் இருந்தால் வண்டி அமைதி. கால் டேங்குக்கு வந்தால் ஏற்ற இறக்கம். பம்ப்பைக் கழற்றலாமா என்று பேச்சு வந்தபோது செங்குன்றத்து மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "பம்ப் நல்லாத்தான் கீது தம்பி, மொதல்ல டேங்கப் பாரு."

அவர் சொன்னதன் நியாயம் இது. 1035-ல் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. நிறைந்திருந்தால் டீசல் தன் எடையிலேயே இறங்கும். அடியில் உள்ள டேப்பின் வடிகட்டி வலை துருவாலும் பாசியாலும் பாதி அடைத்திருந்தால், மட்டம் குறையும்போது ஏசி பம்ப் (டேங்கிலிருந்து டீசலை ஃபில்டருக்கு அனுப்பும் சின்ன பம்ப்) இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இழுக்கும்போது எந்த ஜாயின்ட் லூசாக இருக்கிறதோ அந்த வழியாகக் காற்றும் உள்ளே வரும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: ஏசி பம்ப்புக்குப் பின்னால் உள்ள ஜாயின்ட் லூசானால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். முன்னால், டேங்க் பக்கம் உள்ள ஜாயின்ட் லூசானால் ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்று மட்டும் உள்ளே போகலாம். வெளியே காய்ந்திருப்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம்.

இதற்குச் செலவே இல்லாத சோதனை, டேங்க் மூடியை லூசாக வைத்து ஓட்டிப் பார்ப்பது. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் அதிலேயே விடை கிடைக்கும். அடுத்து, ஏசி பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடி டியூப். அதில் குமிழி ஓடினால் காற்று முன்பக்கத்திலிருந்து வருகிறது. எங்களுடையதில் ஓடியது. டேங்க்கை இறக்கிக் கழுவினோம்; அடியில் துருத்தூளும், மழைத்தண்ணீரும், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாக வழவழவென்று ஒரு படலமும். டேப் வலை, பைப்பை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர்கள், ஃபில்டர், ஏசி பம்ப் டயாஃப்ரம் எல்லாம் மாற்றியதோடு ஹண்டிங் நின்றது. பம்ப்பில் கை வைக்கவே இல்லை.

பிறகு ஏர் எடுக்கும், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் வரிசை: ஃபில்டர் தலை, பம்ப்பின் பக்க ஸ்குரு, மேலே கவர்னர் ஹவுசிங் ஸ்குரு, கடைசியில் நாசில் பைப் நட்டுகள். ஏசி பம்ப் லீவரை அழுத்தினால் அசைவே இல்லை என்றால் லீவர் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அதை இயக்கும் கேம் மேட்டில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்று சுற்றினால் சரி.

மிஸ்ஸிங் வந்தது வேறொரு சமயம். ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாக லேசாகத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவே இல்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. கை, முகம் தள்ளியே இருக்கட்டும். அந்தப் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போகும், போனால் நேராக ஆஸ்பத்திரிதான். எங்களுக்கு மூன்றாவது. நாசிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டோம், மிஸ்ஸிங்கும் இரண்டாவதுக்கு நகர்ந்தது. ஆக நாசில்தான். நகராமல் இருந்திருந்தால் டாப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) என்று போயிருக்க வேண்டும். டாப்பெட் இடைவெளி, பெர்கின்ஸ் 3.152 வம்சத்துக்கு எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.30 மில்லிமீட்டர்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் ஹண்டிங்குக்கு கவர்னர் ரப்பர் வளையம் நொறுங்கியதைக் காட்டுவார்கள். அது ரூசா மாஸ்டர் என்ற வேறு வகை பம்ப்பின் கதை. நம் வண்டியின் சிஏவி டிபிஏ ரோட்டரி பம்ப்புக்கு அதைப் பார்த்துவிட்டுக் கழற்றாதீர்கள். காற்றில்லை, நாசில் நன்றாக இருக்கிறது, ஃபில்டர் புதிது, அப்போதும் ஹண்டிங் நிற்கவில்லை என்றால் கவர்னர் லிங்க், மீட்டரிங் வால்வு தேய்மானம் என்று சந்தேகப்படலாம். அப்போது பம்ப் பெஞ்சுக்குப் போகட்டும். வீட்டில் திறந்து பார்க்கும் பொருள் அல்ல அது. டீசலே அதற்கு மசகு என்பதால், தண்ணீர் கலந்த டீசலில் சில நாள் ஓடினாலும் உள்ளே கீறல் விழும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 டீசல் வந்த பிறகு, கந்தகம் குறைந்துவிட்டது, பழைய பம்ப் தேயும், 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்க வேண்டும் என்ற பேச்சு நிற்கவே இல்லை. கந்தகம் 10 பிபிஎம்முக்கு இறங்கியது உண்மைதான். ஆனால் வழவழப்புக்கும் தரநிலையில் அளவு வைத்திருக்கிறார்கள், அதற்கேற்பத்தான் டீசல் பங்குக்கு வருகிறது. நான் கலப்பதில்லை. அந்தக் காசுக்கு ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றுவேன்.

இப்போது ஐப்பசி பிறக்கும் முன் டேங்க்கை நிரப்பி வைத்துவிடுவோம். காலி இடம் இருந்தால்தானே உள்ளே ஈரம் வேர்க்கும். மூடிக்குப் புது கேஸ்கெட், ஷெட்டில் மேலே ஒரு தார்ப்பாய். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருகிறது, அந்த நேரத்துக்கு மூன்றாவது சிலிண்டர் லேசாகத் தவறுகிறது, சூடானதும் சேர்ந்துகொள்கிறது. நாசில் புதிது என்பதால் இது கம்ப்ரஷன் குறைவு என்பது என் கணக்கு. மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொல்கிறார். அறுவடை முடிந்ததும் ஹெட்டை இறக்கி வால்வு பார்க்கப் போகிறோம்.