150-600 லென்ஸும் எங்கள் கொல்லையும்: சில வருஷம் புழங்கிய பிறகு

சிக்மா 150-600 கன்டெம்பரரி, தூரத்துக் குருவியைக் கிட்டே இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ். எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தூரம், எண் கூடக்கூட உருவம் பெரிதாகும். கேனான் 80டி கேமராவில் மாட்டி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் பெரும்பாலும் ஓட்டியிருக்கிறேன். 600 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். கொல்லையில் வந்து உட்காரும் குருவிக்குப் பாதி நேரம் அந்த 600 தேவையே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் தள்ளி உள்ள குச்சியை 600-இல் பார்த்தால் படத்துக்குள் அடங்குவது சுமார் 19 செ.மீ. அகலம். கொண்டைக்குருவியே 20 செ.மீ. நீளம், வால் வெட்டுப்படும். அதனால் 350, 400-க்கு இறங்கிவிடுவேன். 10 செ.மீ. தேன்சிட்டுக்குத்தான் முழு 600-ம். அதே 5 மீட்டரில் லென்ஸின் துளையை எஃப்8-க்குச் சுருக்கினாலும் கூர்மையாக விழுவது 2 செ.மீ. ஆழம்தான். கண்ணில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, குருவி பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்தால் அலகிலிருந்து வால்வரை தெளிவாக வரும். முழுதாகத் திறந்த எஃப்6.3-ஐ விட எஃப்8-இல் இறகின் இழைகள் பிரிந்து தெரிகின்றன. காலை வெளிச்சம் குறைவாக இருந்தால் ஐஎஸ்ஓ-வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600-க்கு ஏற்றத் தயங்குவதில்லை.

2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலில் எங்கள் பலாவும் வேம்பும் சாய்ந்தன. இப்போது நிற்பது முருங்கை, கொய்யா, பிறகு முளைத்த ஒரு இளவேம்பு. எல்லாமே தாழ்வான மரங்கள், குருவிகள் கண்மட்டத்திலேயே உட்காருகின்றன. அண்ணாந்து எடுத்த படத்தில் வயிறும் வெளுத்த வானமும்தான் மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும்.

குச்சியில்தான் வேலை அதிகம். முருங்கைக் கிளை முறிந்துவிடும், காய்ந்த கொய்யாக் கிளைதான் தாங்குகிறது. அதைத் தண்ணீர்ச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டினால், இறங்கும் முன் ஒரு கணம் அங்கே உட்காராத குருவி அபூர்வம். காலை வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி குச்சி மேற்கே. அதற்குப் பின்னால் நாலைந்து மீட்டர் வெற்றிடம் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் துணிக்கொடி. அம்மா பச்சைப் புடவை காயப்போட்ட அன்று குண்டுகரிச்சான் படத்துக்குப் பின்புலம் வயல்வெளி மாதிரி வந்தது. சிவப்புப் புடவை அன்று எடுத்ததை யாருக்கும் காட்டவில்லை.

600-இல் படம் மொழுக்கென்று வருகிறது என்று லென்ஸைக் குறை சொல்பவர்களிடம் ஒரு கேள்வி: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? சிமென்ட் தரையும் கம்பவுண்டுச் சுவரும் ஒன்பது மணிக்கெல்லாம் சூடேறிவிடும். நடுவில் காற்று நெளியும்போது எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் உதவாது. ஆறேகாலிலிருந்து எட்டரைக்குள் எடுத்ததையும் பத்து மணிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். கண்ணுக்குத் தெரியாத நெளிவு, படத்தைப் பெரிதாக்கினால் இறகில் தெரிகிறது.

எடை 1930 கிராம். கேமரா முக்காலி எனக்குச் சரிப்படவில்லை, அதன் கால்களை விரிப்பதற்குள் குருவி போய்விடும். தலையணை உறையில் உமி அடைத்துத் தைத்து ஜன்னல் கட்டையில் போட்டுக்கொள்கிறேன். அரிசி போட்டால் வண்டு வைக்கும், மணல் கனம்.

பராமரிப்பில் கடற்கரை ஊருக்கு இரண்டே விஷயம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கட்டாயம். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் ஆவி படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

பெட்டியில் எழுதியிராத ஒரு சிக்கலும் உண்டு. இத்தனை பெரிய லென்ஸை நீட்டினால் அக்கம்பக்கம் சங்கடப்படும். “தம்பி, எங்க ஊட்டு மாடிப் பக்கம் எதுக்குப்பா காட்டுற?” என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டார். கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். இப்போது அவரே மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து “செம்போத்து வந்திருக்குது” என்கிறார். இருந்தாலும் மாடிப் பக்கம் நீட்டுவதில்லை, கூடு கட்டியிருக்கும் மரத்தின் பக்கமும்தான்.

கையில் 55-250 மாதிரி சிறிய ஜூம் லென்ஸ் இருந்தால் முதலில் ஒரு குச்சியும் சட்டியும் வைத்து ஒரு மழைக்காலம் எடுத்துப் பாருங்கள். அப்புறமும் தேன்சிட்டு சிறிதாகவே வருகிறது என்றால் இதை வாங்கலாம். பழையது வாங்குவதானால் முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்து, பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.