மர எழுத்துப் பலகை: வள்ளம் சரி, நங்கூரம் எங்கே?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் மதரஸாவின் பாலர் வகுப்புகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது 28 அரபு எழுத்துகளைக் குழியில் பொருத்தும் மரப் பலகை. நாலு வயசுப் பிள்ளைக்கு எழுத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பது பிடிக்கும். தூக்கிப் பிடிக்கும் குமிழ் விரலுக்கும் நல்ல பயிற்சி. அது வரைக்கும் குறை இல்லை.

குறை புள்ளியில் இருக்கிறது. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று, அவ்வளவுதான் வித்தியாசம். பலகையில் புள்ளி வெறும் பெயின்ட். ஆகவே தாவின் குழியில் பா கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பிள்ளை தப்பாகப் பொருத்தினாலும் பலகை 'சரி' என்கிறது. ஜீம், ஹா, கா வரிசையிலும், சீன், ஷீன் ஜோடியிலும் இதே கதை. கை பட்டுப் பட்டுப் பெயின்ட் உரிந்த பிறகு எது எது என்று உஸ்தாதுக்கே தெரியாது.

இதே அமைப்பு எபிரேய மொழிக்கு நன்றாகவே ஒத்துவரும். யூதக் குழந்தைகள் படிக்கும் அச்சு எழுத்துகள் 22. சொல்லின் கடைசியில் உரு மாறுபவை 5. ஒன்றோடொன்று ஒட்டுவதும் இல்லை. குழப்பம் தரும் தாலெத்தும் ரேஷும்கூட மூலையின் வெட்டில் வேறுபடும். குழி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். (பள்ளிக்கு முதல் நாள் வரும் பிள்ளை எழுத்தின் மேல் தடவிய தேனை நக்குவது அவர்களிடம் பழைய வழக்கம். நம்மூரில் கருப்பட்டிப் பாகு போதும்.)

வாங்கியாயிற்று என்றால் திருத்திக்கொள்ளலாம். துணிக்குப் பூப்போடும் ஃபேப்ரிக் லைனரால் ஒவ்வொரு புள்ளியையும் மிளகளவு புடைப்பாக வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். குழியின் தரையிலும் அதே புள்ளிகளை வையுங்கள். இனி விரல் தடவி எண்ணும். சோழி, புளியங்கொட்டை வைத்து விளையாட்டுக் காட்டலாம்தான், ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள், வேண்டாம்.

28 துண்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதல் எழுத்தான அலிஃபுக்கு அடுத்து பா குடும்பம், ஒரு வாரத்துக்கு மூன்று எழுத்து, ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம். கடற்கரைப் பிள்ளைக்குச் சொல்ல உவமை தேட வேண்டியதில்லை: பா ஒரு வள்ளம், அடியில் நங்கூரக்கல், தா அதே வள்ளத்தில் இரண்டு பேர், ஸாவில் மூன்று பேர். பலகையின் வலது ஓரத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருக்கட்டும். தமிழும் இங்கிலீஷும் இடமிருந்து எழுதும் பிள்ளைக்கு, வலமிருந்து எழுதும் அரபை எங்கே தொடங்குவது என்பதுதான் முதல் தடுமாற்றம்.

பட்டன் அழுத்தினால் ஓசை வரும் வகைக்குக் கூடுதல் காசு தண்டம். அந்தச் சின்ன ஸ்பீக்கர் கூரிய ஓசைகளை விழுங்கிவிடுவதால் ஸா, சீன், ஸாத் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கின்றன. பாடம் சொல்லித்தரும் ஆலிமாவின் வாயைப் பார்த்துத்தான் நாக்கு எங்கே போகிறது என்று பிள்ளை பிடிக்கும். சிலதில் 'பே, தே' என்று உருது உச்சரிப்பு வேறு. மதரஸாவில் பா, தா, வீட்டில் பே, தே.

இரண்டு மாதம் போனதும் பலகையை எடுத்து வைத்துவிடுங்கள். கதவு என்று பொருள்படும் 'பாப்' என்ற சொல்லை எழுதிக் காட்டினால் முதல் பா ஒரு சின்னப் பல்லாகச் சுருங்கி அலிஃபோடு ஒட்டிக்கொள்ளும். பலகையிலேயே பழகிய பிள்ளை "வள்ளம் எங்கே?" என்று கேட்கும். இங்கே தரையில் சாக்பீஸ்தான் உதவும். அடுத்த எழுத்தோடு கை கோக்காத ஆறு பேரை முதலில் சொல்லிக்கொடுங்கள்: அலிஃப், தால், புள்ளி வைத்த தால், ரா, புள்ளி வைத்த ரா, வாவ். மற்றவை எல்லாம் கோக்கும்.

உப்புக்காற்று தனிச் சங்கடம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உப்பி, துண்டு குழிக்குள் இறங்காது. வாங்கியதுமே வெட்டு விளிம்புக்கு இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். உப்பிய பிறகு என்றால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடியுங்கள். காந்தம் பதித்த வகையை இந்தக் கரையில் வாங்கவே வேண்டாம், துரு பிடித்துச் சுவரெல்லாம் கறை. கடையில் எடுக்கும்போதே பா துண்டைத் தாவின் குழியில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தால், லைனருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.