நகையை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கலாமா? ஒரு லட்சத்தைப் போட ஐந்து இடங்கள்

இங்கிலாந்தில் இருக்கிற என் சித்தி மகன் போன மாதம் பேசும்போது ஒரு விஷயம் சொன்னான். அங்கே ஒருவர் தன் ரோலக்ஸ் வாட்ச்சை ஒரு இணையத் தளத்தில் அடகு வைப்பாராம். இவனைப் போல நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அவருக்குக் கடன் கொடுப்பார்களாம். வட்டி நூறு பேருக்கும் பிரிந்து வரும். "ஏண்ணா, வீட்டுக்கு வீடு தங்கம் இருக்கிற நம்ம ஊர்ல இது இல்லையா?"

இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வருகிற வழிகள் சில இருக்கின்றன. சட்டப்படி சரியானவையும் இருக்கின்றன, ஊர் வழக்கத்தில் மட்டும் ஓடுகிறவையும் இருக்கின்றன. கையில் ஒரு லட்சம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்க்கலாம். நகையை வைத்துக் கடன் வாங்குவது பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். நான் கடன் கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன்.

எதிர் வீட்டு ஆரம்

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்தவருக்குக் கைமாற்று கொடுத்துவிட்டு அவர் நகையை நம் பீரோவில் வைத்துக்கொள்வது. சட்டம் இதை ஏற்கிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 172-வது பிரிவே அடகைப் பற்றியதுதான். பணம் திரும்பாவிட்டால் நியாயமான முன்னறிவிப்பு கொடுத்து நகையை விற்கலாம் என்கிறது 176. விற்று முடிக்கும் நிமிடம் வரை கடனைக் கட்டி மீட்டுக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது 177. ஒரு தடவை, ஒருவருக்கு என்றால் இதோடு சரி. இதையே தொழிலாகச் செய்தால் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டம், 1943-ன் கீழ் உரிமம் வேண்டும். வட்டி எல்லை மீறினால் 2003-ம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் வரும்.

2018-ல் நானும் இதைச் செய்தேன். எதிர் வீட்டு அக்கா ஒரு கெம்புக்கல் ஆரத்தைக் கொண்டுவந்து, "அஞ்சு பவுன் தம்பி, ஒரு லட்சம் வேணும், ரூபா வட்டி தர்றேன்" என்றார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். அப்போது கிராம் சுமார் 2,900 ரூபாய். நாற்பது கிராமுக்கு 1,16,000. பதினாறாயிரம் கூடுதலாகவே இருக்கிறதே என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் வட்டி வரவில்லை. தெரிந்த பத்தரிடம் ஆரத்தைக் காட்டினேன். கண்ணில் லென்ஸை வைத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். "உள்ள அரக்கு இருக்கு சார். கல்லையும் கழிக்கணும். தங்கம் முப்பத்தோரு கிராம் தேறும்." 31 கிராமுக்கு 89,900 ரூபாய். கொடுத்தது ஒரு லட்சம். முதல் நாளிலிருந்தே என் கடனுக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு ஈடே கிடையாது, எனக்குத்தான் தெரியவில்லை. உரைகல்லில் உரசிப் பார்த்து மாற்று (தங்கத்தின் தரம்) வேறு குறைந்திருந்தால் கதை இன்னும் கந்தல்.

சரி, விற்றுவிடலாமா? பிரிவு 176 இருக்கிறது. தெருவில் தினமும் முகம் பார்க்கிற அக்காவுக்கு எந்த முகத்தோடு நோட்டீஸ் அனுப்புவது? நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். "தம்பி, பொண்ணு வளைகாப்புக்கு மட்டும் ஆரத்தைக் குடுப்பா. மறுநாள் காலையில கொண்டாந்து வச்சிடறேன்." கொடுத்தேன். யாரால் மறுக்க முடியும்? ஆரம் திரும்பி வரவே இல்லை. அசல் பதினான்கு மாதத்தில் துண்டு துண்டாக வந்தது, வட்டியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

நியாயமாகச் சொன்னால் இதில் என் தப்புதான் அதிகம். எடை போட்டு, கல்லும் அரக்கும் கழித்து, மீதிக்கு முக்கால் பங்குக்கு மேல் கொடுக்காமல், வங்கி வழியாகப் பணத்தை அனுப்பி, இருவரும் கையெழுத்திட்ட தாளில் நகையின் படத்தோடு எழுதி வைத்திருக்க வேண்டும். (20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு.) இவ்வளவும் செய்தாலும் நகை திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் வந்து எடுத்துப் போகும், நம் பணம் கோர்ட்டுக்கு அலையும். அக்கம்பக்கத்தில் இவ்வளவு கறாராக இருக்க முடிகிறவர்கள் இந்த வழியைப் பார்க்கலாம். எனக்கு முடியாது.

அடகுக் கடைக்காரரிடம் பணம் போடுவது

இது எங்கும் எழுதப்படாத வழி, ஆனால் ஊருக்கு ஊர் நடக்கிறது. பழக்கமான அடகுக் கடையில் நாம் பணத்தைக் கொடுத்து வைப்போம். அவர் நகை மேல் ரெண்டு வட்டிக்கு விடுவார், நமக்கு ஒரு வட்டி தருவார். மதிப்பீடு, பெட்டகம், மூழ்கிய நகையை ஏலம் விடுவது எல்லாம் அவர் தலைவலி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம் கையில் இருப்பது என்ன? ஒரு புரோநோட்டு, சில இடங்களில் அதுவும் இல்லை, டைரியில் ஒரு வரி. நகைக்கும் நமக்கும் எந்த ஒட்டும் இல்லை. அவர் அதே நகையை வேறு பெரிய இடத்தில் மறு அடகு வைத்திருந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை. பொதுமக்களிடம் இப்படி வைப்புப் பணம் வாங்குவதைத்தான் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், 2019 குறிவைக்கிறது. பணம் போனபின் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். வேண்டாம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

இந்தியாவின் பி2பி தளங்கள்

பி2பி என்றால் வங்கி நடுவில் இல்லாமல், இணையத் தளம் வழியாக ஆளுக்கு ஆள் கடன் கொடுப்பது. சித்தி மகன் கேட்டதற்குப் பெயரளவில் மிக நெருங்கியது இதுதான். ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் இதற்கென விதிமுறை கொண்டுவந்தது. தளம் பதிவு பெற்ற வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருக்க வேண்டும். பணம் தளத்தின் கைக்குப் போகக் கூடாது, அறங்காவலர் பார்த்துக்கொள்கிற எஸ்க்ரோ கணக்குகள் வழியாகத்தான் போய் வர வேண்டும். ஒருவர் ஒரே கடன்காரருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. எல்லாத் தளங்களிலும் சேர்த்து 50 லட்சம் உச்சவரம்பு, 10 லட்சத்தைத் தாண்டினால் பட்டயக் கணக்காளரின் சான்று வேண்டும். கடனின் காலம் அதிகபட்சம் 36 மாதம்.

அதே விதிமுறையில்தான் அந்த வரியும் இருக்கிறது: ஈடில்லாக் கடனை மட்டுமே அனுமதிக்கலாம். நகை, வாட்ச், வண்டி எதையும் பிணையாக வைத்துத் தளத்தில் கடன் ஏற்பாடு செய்யக் கூடாது. ஆக, "தங்க ஈட்டில் பி2பி, உறுதியான 15 சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அந்த ஒரு வரியிலேயே இரண்டு பொய் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இன்னும் இறுக்கியது. குறைந்தபட்ச வருமானம் உறுதி, நினைத்தபோது எடுத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் இதை முதலீட்டுத் திட்டம் போல விற்கக் கூடாது. அசலும் வட்டியும் போனால் முழுவதும் கொடுத்தவர் தலையில்தான்.

ஈடு கிடையாது என்பதால் இங்கே நம்மைக் காப்பது எண்ணிக்கை மட்டும்தான். ஒரு லட்சத்தை நூறு பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாயாகப் பிரிக்கிறோம், 18 சதவீத வட்டி, ஒரே ஆண்டில் மொத்தமாகத் திரும்புகிறது என்று எளிதாக வைத்துக்கொள்வோம். நூறு பேரில் எட்டுப் பேர் ஒரு பைசாவும் தரவில்லை என்றால் மற்ற 92 பேரிடமிருந்து 1,08,560 வரும். லாபம் 8,560. பதினைந்து பேர் ஏமாற்றினால் வருவது 1,00,300. தளத்தின் கட்டணம் இன்னும் கழிக்கவில்லை.

வரியில்தான் நிஜமான உதை. எட்டுப் பேர் கணக்கில் நமக்கு வட்டியாக வந்தது 16,560 ரூபாய், வரி அதற்கு. மூழ்கிய 8,000 அசலை, கடன் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யாத நம்மைப் போன்றவர்கள் அந்த வட்டியில் கழித்துக்கொள்ள எளிதான வழி இல்லை. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரி 3,312. கையில் நிற்பது 5,248.

நகைக்கடன் கம்பெனியின் கடன் பத்திரம்

கொச்சியின் முத்தூட் ஃபைனான்ஸ், திருச்சூர் பக்கம் வலப்பாட்டின் மணப்புரம் போன்ற நிறுவனங்கள் நகை மேல் கொடுக்கிற பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி வங்கிகளிடமிருந்து, ஒரு பகுதி கடன் பத்திரங்களிலிருந்து. பொது வெளியீடு வரும்போது நாமும் வாங்கலாம். முகமதிப்பு பெரும்பாலும் 1,000 ரூபாய், பத்துப் பத்திரத்திலிருந்து தொடங்கலாம், டீமேட் கணக்கு வேண்டும். மேலே அடகுக் கடைக்காரரிடம் மறைவாக நடந்த அதே விஷயம், இங்கே தகவலறிக்கை, தர மதிப்பீடு, பத்திர அறங்காவலர் என்று வெளிச்சத்தில் நடக்கிறது.

8.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு 8,500. அதே 20 சதவீத அடுக்கில் வரி 1,700 போக 6,800. பி2பி-யில் நூறு பேரைத் தேர்ந்தெடுத்து, எட்டுப் பேருக்கு மனசுக்குள் சாபம் கொடுத்துச் சம்பாதித்த 5,248-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி கடன்காரரிடம் வாங்குகிற வட்டிக்கும் நமக்குத் தருகிற வட்டிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, எனக்கு வராத வேலைகளுக்கான கூலி. எடை போட, கல் கழிக்க, வளைகாப்புக்கு ஆரம் தர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல.

ஆனால் 'ஈடுள்ள பத்திரம்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பத்திரத்துக்கு ஈடு பெட்டகத்தில் இருக்கிற தாலிச் சங்கிலி இல்லை. அந்தச் சங்கிலியை வைத்தவர்களிடமிருந்து கம்பெனிக்கு வரவேண்டிய பணம்தான் ஈடு. கம்பெனி சரியாக உரசிப் பார்த்ததா, சரியான விலைக்கு ஏலம் விட்டதா என்பதில்தான் நம் பணமும் இருக்கிறது. 2024 மார்ச்சில் ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் புதிதாக நகைக்கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது இந்த மாதிரிக் குறைகளுக்காகத்தான்: தங்கத்தின் தரத்தையும் எடையையும் பார்த்ததில், நகை மதிப்பில் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்கிற ஈட்டு விகிதத்தில், ஏலத்தில். அந்த ஆண்டு செப்டம்பரில் தடை நீங்கியது. 2025 ஜூனில் எல்லோருக்கும் பொதுவாக வந்த விதிகள் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், ஐந்து லட்சம் வரை 80-ம், அதற்கு மேல் 75-ம் அனுமதிக்கின்றன. தங்கம் ஏறும்போது இது பெரிதாகத் தெரியாது. 2013 ஏப்ரலில் சில நாட்களிலேயே விலை சரிந்தது போல இன்னொரு முறை சரிந்தால் 85-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் பத்திரம் வைத்திருப்பவருக்கும் உறைக்கும்.

இன்னொன்று, சந்தையில் பட்டியலிடப்பட்ட பத்திரம் என்பதால் நினைத்த நாளில் விற்கலாம் என்று நம்ப வேண்டாம். வாங்க ஆள் குறைவு. முதிர்வு வரை விட்டு வைக்கிற பணத்தை மட்டும் போடலாம்.

லண்டன் வாட்ச்

சித்தி மகனின் தளத்துக்கு வருவோம். பொருளை அனுப்பினால் நிபுணர் மதிப்பிடுவார், காப்பறைக்குப் போகும், சில மாதக் கடன். கட்டாவிட்டால் ஏலம். அன்போல்டட் என்ற தளம் இப்படி வாட்ச், நகை, பழைய கலைப்பொருள் மேல் கடன் கொடுக்க உருவானது. நான் அடகு பிடித்த ஆரத்தைவிட இது எவ்வளவோ ஒழுங்கு, பொருள் கடன்காரர் கைக்குப் போகவே வழியில்லை.

இரண்டு இடங்களில் எனக்கு இடிக்கிறது. முதலாவது விலை. தங்கத்துக்குக் காலையில் பேப்பரைப் பார்த்தால் கிராம் விலை தெரியும். வாட்ச்சுக்குப் பெட்டி இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா என்பதில் விலை மாறும், ஏலத்தில் சுத்தியல் விழுந்தால்தான் நிஜம் தெரியும். கோவிட் காலத்தில் ஏறிய பழைய வாட்ச் விலைகள் 2022-க்குப் பின் இறங்கின. இரண்டாவது, தளமே படுத்துவிட்டால்? 2018 பிப்ரவரியில் அங்கே கொலாட்டரல் என்ற தளம் திடீரென்று முடங்கியது. உரிய அனுமதி இல்லாமலே நடந்துகொண்டிருந்தது அப்போது வெளியே வந்தது. நிறுவனம் தானாக நியமித்த திவால் நிர்வாகியை, அந்த நாட்டின் நிதி ஒழுங்காற்று ஆணையம் நீதிமன்றம் போய் மாற்ற வேண்டியிருந்தது. பொருள் காப்பறையில் இருந்தது, யாருடைய கடன் எதன் மேல் என்று பார்க்க இணையதளம் இல்லை. அடகுப் பொருளில் தொடங்கிக் கட்டடக் கடன்களுக்கு ஓடிய ஃபண்டிங்செக்யூர் 2019 அக்டோபரில் விழுந்தது. பி2பி நஷ்டத்துக்கு அந்த நாட்டின் முதலீட்டாளர் இழப்பீட்டுத் திட்டம் பணம் தராது. புதிதாக வருகிற சாதாரண முதலீட்டாளர் தன் முதலீட்டுப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இதில் போடக் கூடாது என்று 2019 டிசம்பரில் அங்கே ஒரு விதி அமலுக்கு வந்தது.

அவனிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். காப்பறைச் சாவி யாரிடம்? தளம் மூடினால் உன் கடனை வசூலிக்கப்போவது யார், அதற்கு யார் சம்பளம் தருவார்கள்? இதுவரை ஏலத்துக்குப் போன பொருள்களில் எத்தனை பொருளுக்கு மதிப்பீட்டு விலை கிடைத்தது? மூன்றாவதுக்குத் தளத்திலேயே பட்டியல் இருக்கிறதாம். முதல் இரண்டுக்கும் மின்னஞ்சல் போட்டிருக்கிறான். எனக்கு என்றால் ஒரு லட்சத்தில் எண்பதாயிரம் கடன் பத்திரத்தில், அதுவும் ஒரே கம்பெனியில் இல்லாமல் இரண்டாகப் பிரித்து. பி2பி-யில் ஒரு பத்தாயிரம், பாடத்துக்கான பள்ளிக் கட்டணமாக. மீதி வங்கியில்.

போன வாரம் எதிர் வீட்டு அக்கா மறுபடி வந்தார், அதே ஆரத்தோடு. நான் பணம் தரவில்லை. கூட்டுறவு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நகை மதிப்பீட்டாளர் எங்கள் கண்ணெதிரிலேயே உரசினார், பின்பக்கம் திருப்பினார், கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை 31 கிராம் என்று எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.