நிறத் தீன் போட்ட இறால்: வாகரைக் குளத்தில் கண்டது

இறாலுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் அஸ்டாசாந்தின் என்ற சத்துக் கலந்த தீனை, மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையில் எங்கள் டைகர் இறால் குளங்களுக்குச் சில வருடமாகப் போட்டு வருகிறோம். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள், ஆனால் குஞ்சு விட்ட நாளிலிருந்து போட வேண்டாம்.

இறால் இந்தச் செந்நிறப் பொருளைத் தானாக உண்டாக்காது. வாவியில் வளர்வதற்குப் பாசியிலிருந்தும் பாசி தின்னும் சிறு உயிர்களிலிருந்தும் அது கிடைத்துவிடும். குளத்தில் நெருக்கமாக விட்டு, நிறச்சத்துக் குறைந்த மூட்டைத் தீனை மட்டும் நம்பினால் ஓடு வெளிறி நீலம் பாயும். அப்படியான இறாலை அவித்தால் மங்கிய மஞ்சள்தான் வரும். வியாபாரி அதைக் கண்டதும் விலையை இறக்குவார். ருசியில் குறையில்லை என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

தீனை மாற்றிய பிறகு வீச்சுவலையில் வந்ததை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முதுகில் நீலம் போய்ப் பச்சை கலந்த பழுப்பு ஏறியிருந்தது, வால் விசிறியின் ஓரம் சிவந்திருந்தது. உயிருள்ள இறாலில் இந்தச் சிவப்பு ஒரு புரதத்தோடு ஒட்டி மறைந்து கிடக்கும். கொதிநீரில் புரதம் சிதைந்ததும் வெளியே வரும். அதனால் அவிக்காத இறாலைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்க முடியாது, அவித்துத்தான் பார்க்க வேண்டும்.

தாய்லாந்தில் செய்து 1993இல் வெளியான ஆய்வில், கிலோத் தீனுக்கு 50 மில்லிகிராம் வீதம் 4 கிழமை கொடுத்தே நீல இறாலின் நிறத்தை மீட்டார்கள். எங்கள் குளத்திலும் அறுவடைக்கு முந்திய கடைசி மாதம் போட்டதே போதுமாக இருந்தது. தீன் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் இது பெரிய மிச்சம்.

குளத்தின் அடியையும் கவனியுங்கள். வெளிர் நிற விரிப்புப் போட்ட குளத்தில் இறால் தன்னை வெளிறவைத்துக்கொள்ளும், கறுப்பு விரிப்பில் கருக்கும். ஒரே குஞ்சு, ஒரே தீன் என்றாலும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மூட்டையில் அஸ்டாசாந்தின் அளவு அச்சிட்டிருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு தடவை அளவே இல்லாத மூட்டை வந்தது, கேட்டதற்குச் சரியான பதிலும் இல்லை. வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் இந்தச் சத்தைக் கெடுக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் அடுக்காமல், நிழலில் வாயை இறுக்கிக் கட்டி வையுங்கள்.

அறுவடைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நாலு இறாலை அவித்துப் பாருங்கள். பாசி நன்றாகப் பிடித்த குளமென்றால் அப்போதே சிவந்து வரும், அதற்கு இந்தத் தீன் தேவையே இல்லை.