பிள்ளை பார்க்க மாதப் பணமா, வேலைக்கு வேலையா?

ஓசூர் சிப்காட்டில் காலை 6 மணி ஷிஃப்டுக்குப் போகும் தாய், அங்கன்வாடி திறக்கும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் ராயக்கோட்டைப் பக்கம் பிள்ளைகளை எங்களைப் போன்றவர்களிடம் விட்டுப் போகிறார்கள்.

மாதப் பணம் என்றால் கணக்கு சுலபம். தேதி வந்தால் காசு, கேஸ் வாங்கலாம். ஆனால் பெற்றோருக்கு வேலை நின்றால் பிள்ளையும் நின்றுவிடும்.

வேலைக்கு வேலை என்பது நமக்குப் புதிதல்ல. நடவுக்கும் களையெடுக்கவும் ஆளுக்கு ஆள் போனவர்கள்தானே நாம். தையல் தெரிந்த ஒரு அம்மாவின் பையனை நான் பார்த்துக்கொண்டேன், அவர் என் மகளுக்குச் சீருடை தைத்தார். இன்னொரு வீட்டார் எங்கள் காட்டில் தக்காளி பறிக்க வந்தார்கள். சிக்கல் அளவில்தான் வரும். நாள் முழுக்கப் பிள்ளை பார்ப்பதும் ஒரு ஜாக்கெட் தைப்பதும் ஒன்றா? மணிக்கு மணி என்று முதலிலேயே பேசுங்கள், அன்றன்றைக்குக் காலண்டரில் குறியுங்கள். அப்புறம், பால், மருந்துச் செலவு பெற்றோருடையது.

வாடகை வீட்டில் இருப்பவர் பணமே வாங்கட்டும். காடு இருக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. கேழ்வரகு அறுக்க ஆள் தேடி நான் அலைந்த வருஷம், அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாதான் வந்து நின்றார்கள்.